எலும்புக்குள் குடியிருக்கும் நரம்பு

போன ஐப்பசியில் அத்தை வாசலில் வழுக்கி விழுந்தாள். இரவெல்லாம் மழை. விடிந்ததும் கோலமாவுக் கிண்ணத்தோடு போனவள் பாசி பிடித்த படியில் கால் வைத்துவிட்டாள். வலது கையை ஊன்றி விழுந்தவளைத் தூக்கி உட்காரவைத்தபோதே தெரிந்துவிட்டது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மேடு, அதை ஒட்டி ஒரு பள்ளம். கை கையாக இல்லை.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு. ஆனால் எலும்பு முறிந்தால் இரண்டு மொழிக்காரர்களும் ஏறுவது ஒரே பஸ்தான்: புத்தூர். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே கட்டு போடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்களும் போனோம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்திருந்தால் அத்தை என்ன சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன், நேரே ஆஸ்பத்திரிதான்.

அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. கட்டு என்றால் அவ்வளவுதான். அதற்கு முன்னால் கையை இழுத்து எலும்பை நேராக்குவார்கள் பாருங்கள், அங்கேதான் அத்தை போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற ஒரு சின்னப்பையன் தன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டதுதான் இந்தக் கட்டுரை.

"ஏன்டா, நீதான் பிளஸ் டூ பசங்களுக்குப் பாடம் எடுக்கிறியே. எலும்புன்றது கல்லு மாதிரிதானே? அதுக்கு ஏன்டா இப்படி உசுரு போவுது?"

"எலும்பு கல்லுன்னு யார் அத்தே சொன்னது?"

"பின்ன? நாய் கவ்வினு போறத தெனம் பாக்கறேனே."

அத்தை சொன்னதில் பாதி நியாயம் உண்டு. நாம் எலும்பைப் பார்ப்பதெல்லாம் அது செத்த பிறகுதான். தட்டில், சுடுகாட்டில், பள்ளிக்கூட அலமாரியில் கம்பி கட்டித் தொங்குகிற எலும்புக்கூட்டில். உயிரோடு இருக்கிற எலும்பு வேறு ஜாதி. அதில் ரத்தம் ஓடுகிறது, செல்கள் வேலை செய்கின்றன, எல்லாவற்றுக்கும் மேல் நரம்பு இருக்கிறது. அந்த நரம்பு வலியைச் சொல்வதோடு நிற்காமல் எலும்பைக் கட்டுவதிலும் கரைப்பதிலும் கைவைக்கிறது என்பதுதான் கடந்த இருபது முப்பது வருஷத்தில் தெளிவாகிவந்த விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிட வேண்டும். நம் பேச்சுத்தமிழில் நரம்பு என்றால் எதுவாகவும் இருக்கலாம். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். 'நரம்பு ஊசி' போடுவதும் ரத்தக்குழாயில்தான். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விறைத்திருப்பதையும் நரம்பு என்பார்கள். அது தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் கிளம்பி உடம்பெல்லாம் ஓடி, சேதி கொண்டுபோய்க் கொண்டுவருகிற இழை. அதுவும் எலும்பை உரசிக்கொண்டு போகிற நரம்பு இல்லை. முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கிறதே, அது அந்த வழியாகப் போகும் நரம்பு அடிபடுவதால். நாம் பேசப்போவது எலும்புக்குள்ளேயே குடியிருக்கும் நரம்பைப் பற்றி.

அது எங்கே இருக்கிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கும்போது ஒரு முழு நல்லி எலும்பை வெட்டாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் மேலே மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். கத்தி முனையால் சுரண்டினால் ஈரக் காகிதம் மாதிரி உரிந்துவரும். அதுதான் எலும்புறை. அதை உரித்துவிட்டு எலும்பின் நடுத்தண்டைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கடுகு போகும் அளவுக்கு ஒரு சின்னத் துளை தட்டுப்படும். நேராக இறங்காமல் சாய்வாக, எறும்புப் புற்றின் வாய் மாதிரி இருக்கும். எலும்புக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ரத்தக்குழாய் நுழைகிற வாசல் அது. ரத்தக்குழாயின் கையைப் பிடித்துக்கொண்டு நரம்பும் அதே வாசலில்தான் உள்ளே போகிறது. உள்ளே மஜ்ஜைக்கும் கெட்டி எலும்பிலுள்ள நுண்குழாய்களுக்கும் கிளை பிரிகிறது. அத்தைக்கு இதை வீட்டிலேயே காட்டினேன். துளையில் ஊக்கு முனையை விட்டுப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இத்தன வருஷமா கொழம்பு வெக்கறேன், கண்ணுல படலயே" என்றாள்.

நரம்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. எலி எலும்பில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே பரப்பளவில் எலும்புறையில் நூறு இழை இருந்தால் மஜ்ஜையில் இரண்டு, கெட்டி எலும்பில் ஓர் இழையில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதாவது வலி உணர்வதில் பெரும்பங்கு அந்த ஈரக் காகிதத்துக்குத்தான். அதில் நரம்பிழைகள் மீன்வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன; எலும்பு ஒரு பக்கம் வளைந்தாலும் வலை இழுபடும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதையே இல்லை. அங்கே கட்டில் கால் இடித்தால் கண்ணில் பூச்சி பறப்பது இதனால்தான். மூட்டுகளின் முனையில் இருக்கும் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. ஆனாலும் மூட்டுத் தேய்மானம் ஏன் வலிக்கிறது என்றால், அக்கம்பக்கத்து எலும்புக்கும் மூட்டுறைக்கும் நரம்பு இருக்கிறது, அதனால்.

சரி, இருக்கும் இடம் தெரிந்தது. செய்யும் வேலைக்கு வருவோம். அதற்கு எலும்பு தன்னைத்தானே எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும்.

எங்கள் பழைய வீடு நாட்டு ஓட்டு வீடு. மலையிலிருந்து குரங்கு இறங்கிவந்து ஓட்டின்மேல் ஓடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் வந்து ஓடு பிரித்து மேய்வார். முழுக் கூரையையும் பிரிக்கமாட்டார். விரிசல் விட்டதை, நகர்ந்ததை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் புது ஓடு சொருகுவார். பத்து வருஷத்தில் கூரை முழுக்கவே மாறியிருக்கும், ஆனால் ஒரு நாள்கூட வீடு கூரையில்லாமல் இருந்திருக்காது.

எலும்பும் அப்படித்தான். வளர்ந்த மனிதனின் எலும்பில் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. பழசைக் கரைத்து எடுக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். புதுசைக் கட்டுகிற செல் ஆஸ்டியோபிளாஸ்ட். ஓரிடத்தில் கரைக்கும் வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். அதே பள்ளத்தை நிரப்பிக் கெட்டிப்படுத்த மாதக்கணக்கில் ஆகும். எடுப்பது சுலபம், சொருகுவது மெதுவு என்பதால் இரண்டுக்கும் இடையில் கணக்கு தவறினால் எலும்பு மெலிந்துபோகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவதும் இந்தக் கணக்குத் தவறுவதால்தான். இந்த இரண்டு கூட்டத்தையும் தவிர மூன்றாவது ஒரு செல்லும் உண்டு. எலும்புக்குள் புதைந்தபடியே வருஷக்கணக்கில் வாழும் ஆஸ்டியோசைட். எலும்புச் செல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவைதான். எந்த இடத்தில் பாரம் விழுகிறது, எங்கே நுண்விரிசல் விட்டிருக்கிறது என்று கவனிப்பது இதன் வேலை.

கால்சியம், வைட்டமின் டி, ஹார்மோன் எல்லாம் இந்த வேலையில் சேர்த்திதான். அதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் நான் நிற்காமல் போகிறேன். பாடத்தில் இல்லாதது நரம்பு.

ஓடு மேய்கிறவருக்கு எந்த ஓடு விரிந்தது என்று யார் சொல்வது? வீட்டுக்குள் குடியிருப்பவர்கள். "சமையலறை மூலையில ஒழுகுதுபா, சாமி படத்துக்கு மேல சொட்டுது" என்று அத்தைதான் சொல்வாள். ஆள் இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒழுகுவதைப் பார்க்க யாரும் இல்லை. ஓடு மேய்கிறவர் வந்தாலும் எங்கே பிரிப்பது என்று தெரியாமல் பிரித்துவிட்டுப் போவார். நாலு மழையில் சுவர் இடிந்துவிடும். எலும்புக்கு நரம்பு என்பது உள்ளே குடியிருக்கிற ஆள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

குடியிருக்கும் நரம்பு இரண்டு வகை. ஒன்று உணர்வு நரம்பு, அத்தையைக் கத்தவைத்தது. இது சேதியை மூளைக்குக் கொண்டுபோவது மட்டுமில்லாமல் எலும்பில் இருக்கும் தன் நுனியிலேயே சில ரசாயனங்களைக் கசியவிடுகிறது. சி.ஜி.ஆர்.பி. என்பதும் சப்ஸ்டன்ஸ் பி என்பதும் அதில் முக்கியமானவை. சி.ஜி.ஆர்.பி. எலும்பு கட்டும் செல்லைத் தூண்டுகிறது, ரத்தக்குழாயையும் விரிக்கிறது. எலியின் முன்னங்காலில் திரும்பத்திரும்பப் பாரம் ஏற்றினால் எலும்பின் மேல்பரப்பில் என்.ஜி.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் சுரக்கிறது. உணர்வு நரம்பு அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளவிடாமல் தடுத்துவிட்டால், அதே பாரத்துக்குப் புது எலும்பு குறைவாகத்தான் ஏறுகிறது என்று 2017-ல் காட்டினார்கள். நடந்தால் எலும்பு உறுதியாகும் என்று சொல்கிறோமே, அந்தப் பலனில் ஒரு பகுதி நரம்பு வழியாகத்தான் போகிறது என்று அர்த்தம். அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் அதைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலும்பு முறிந்தால் இந்த நாடகம் இன்னும் வேகமாக நடக்கும். முறிந்த இடத்தில் என்.ஜி.எஃப். ஏறுகிறது, அதை மோப்பம் பிடித்துக்கொண்டு நரம்பிழைகள் புதிதாகத் துளிர்த்து முறிவுக்குள் இறங்குகின்றன, பின்னாலேயே ரத்தக்குழாய்கள். எலிகளில் இந்த வழியை அடைத்தால் முறிவு கூடுவது தாமதமாகிறது. அத்தையின் மணிக்கட்டில் மூங்கில் தப்பைக்குக் கீழே அந்த வாரம் நடந்துகொண்டிருந்ததும் இதே வேலைதான் என்று அவளிடம் சொன்னேன். "அப்போ வலிக்கிறது நல்லதா?" என்றாள். நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்லமுடியாது. வேலை நடக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு மிளகாய்க் கதை உண்டு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசினைப் பிறந்த எலிக்குட்டிக்கு அதிக அளவில் ஊசியாகப் போட்டால் மெல்லிய உணர்வு நரம்புகள் பட்டுப்போய்விடும். அந்த எலிகளின் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆரம்பத்தில் பல விஷயங்களைத் தெரிந்துகொண்டார்கள். எலும்பு நலிந்துதான் இருந்தது. உடனே ஆவக்காயை ஒதுக்கிவைக்க வேண்டாம். ஊசியில் ஏற்றுவது வேறு, சோற்றில் பிசைவது வேறு. எங்கள் ஜில்லாவில் மிளகாயால் எலும்பு போகும் என்றால் ஒருத்தரும் நிமிர்ந்து நடந்திருக்கமாட்டோம்.

இரண்டாவது வகை, நம் இஷ்டத்துக்கு அடங்காத பரிவு நரம்பு. பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, வியர்க்கிறதே, அதைச் செய்வது இதுதான். இது எலும்புக்குள்ளும் போகிறது. இதன் நுனியில் சுரக்கும் நார்அட்ரினலின் கட்டும் செல்லை அடக்கி, கரைக்கும் செல்லைக் கிளப்பிவிடுகிறது. இது தெரியவந்த விதம் சுவையானது. உடம்புக் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். லெப்டின் இல்லாமலே பிறக்கும் ஒரு வகைக் குண்டு எலிக்குப் பாலின ஹார்மோனும் குறைவு. அதனால் எலும்பு மெலிந்திருக்க வேண்டும். எலும்பு ஆராய்ச்சியாளர் ஜெரார் கார்சென்டியின் குழு பார்த்தபோது எலும்பு தாறுமாறாகத் தடித்திருந்தது. லெப்டினை மூளைக்குள் செலுத்தினார்கள், எலும்பு குறைந்தது. 2000-ல் வெளியான முடிவு அது. மூளையில் சொன்ன சேதி கால் எலும்புக்கு எப்படிப் போனது என்று தேடிப்போய், 2002-ல், சேதி போன கம்பி பரிவு நரம்புதான் என்று காட்டினார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை எலிக்குக் கொடுத்தால் எலும்பு கூடியது.

அதைப் படித்ததும் 'அப்பாடா, எலும்பு மெலிவுக்கு மருந்து கிடைத்துவிட்டது' என்று தோன்றும். மனிதனில் அவ்வளவு நேராக இல்லை. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு முறிவு குறைவு என்று சில ஆய்வுகள் சொல்லின, சில சொல்லவில்லை. 2018-ல் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஒரு சோதனையில், எலியில் முக்கியமாக இருந்த ஏற்பியைவிட (ஏற்பி என்றால் செல்லில் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம்), இதயத்தில் அதிகம் இருக்கும் வேறொரு ஏற்பிதான் மனித எலும்பில் பெரிய வேலை செய்வதாகத் தெரிந்தது. எலி எலிதான், நாம் நாம்தான். பிரஷர் மாத்திரையை எலும்புக்காக யாரும் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வகை நரம்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று 2019-ல் வந்த ஆராய்ச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எலும்பு மெலியும்போது கட்டும் செல் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. உணர்வு நரம்பு அதை முகர்ந்து மூளையின் ஹைபோதலாமஸுக்குச் சேதி அனுப்புகிறது. ஹைபோதலாமஸ் பரிவு நரம்பின் கையைத் தளர்த்துகிறது. எலும்பு ஏறுகிறது. ஒழுகுது என்று உள்ளேயிருந்து குரல், வெளியேயிருந்து ஆள். இதுவும் எலியில் பார்த்ததுதான். ஆனால் நரம்பு இல்லாமல் போன மனித எலும்புக்கு என்ன ஆகிறது என்று காட்ட நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எங்கள் பெரியப்பாவின் பாதம் போதும்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். உள்ளங்காலில் உணர்ச்சி போய்ப் பல காலம். செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் ஒரு தெரு தாண்டி வந்துவிடுவார். நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார். ஒரு மாசியில் இடதுகால் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. வலி மட்டும் இல்லை. காட்டிய இடத்தில் சுளுக்கு என்று தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். வலி இல்லாததால் அவர் பாட்டுக்கு ஒரு மாதம் தறிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கிச் சரிந்திருந்தன. உள்ளங்கால் வளைவு கீழ்நோக்கித் தொங்கி, பாதம் தொட்டில் மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு ஷார்கோ பாதம் என்று பெயர். பிரான்ஸில் ஜான் மார்ட்டின் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் 1868-ல் விவரித்தார்; அவர் பார்த்தது முதுகுத்தண்டைத் தாக்கிய மேகநோய்க்காரர்களிடம். சர்க்கரை நோயிலும் இது வரும் என்று 1936-ல்தான் எழுதினார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் சர்க்கரையால்தான் வருகிறது. எலும்பு ஏன் நொறுங்குகிறது என்பதில் அந்தக் காலத்திலேயே சண்டை. எலும்பைப் போஷிக்கும் நரம்பு செத்ததால் எலும்பு அழிகிறது என்றார் ஷார்கோ. அதெல்லாம் இல்லை, வலி தெரியாமல் திரும்பத்திரும்ப அடிபட்டு நொறுங்குகிறது என்றார்கள் ஜெர்மனியில் வோல்க்மானும் விர்ஷோவும். நூறு வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கு. இரண்டு பக்கமும் பாதிப்பாதி சரி என்றுதான் இப்போது தெரிகிறது. பாதம் ஏன் சுட்டது? ரத்தக்குழாயை அடக்கிவைக்கும் நரம்பு போனதால் ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்தது. அழற்சியில் கரைக்கும் செல்கள் பெருகின, கட்டத் தூண்டும் நரம்பு ரசாயனமோ வற்றிவிட்டது. மெலிந்த எலும்பின்மேல் வலி தெரியாத மனிதர் நடந்தார். ஷார்கோவும் ஜெர்மன்காரர்களும் சேர்ந்தே பெரியப்பாவின் காலை உடைத்தார்கள்.

வலிதான் காவல் என்பதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன இடம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. சித்தூரிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். சதை தானாக அழுகவில்லை, நோய் நரம்பைக் கொல்கிறது, உணர்ச்சியில்லாத கை சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் புண்ணாகிச் சிதைகிறது, விரல் எலும்பு கரைந்து உள்வாங்குவதால் விரல் குட்டையாகிறது என்று அவர் காட்டினார். இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடிப்பதுகூட நோயாளிக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். வேலூரை ஒட்டிய கரிகிரியில் 1955-ல் இந்த நோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். புண் வந்த பாதத்துக்குப் பாதம் முழுக்க ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போட்டுப் பாரத்தைப் பரப்பிவிடும் முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவரும் பிராண்ட்தான். பெரியப்பாவுக்குக் கடைசியில் போட்டது அதே மாதிரிக் கட்டு. மாதக்கணக்கில் காலை ஊன்றவிடவில்லை. சூடு இறங்கிய பிறகுதான் அவிழ்த்தார்கள்.

பிறவியிலேயே வலி தெரியாத, வியர்க்கவும் செய்யாத அபூர்வமான ஒரு நோய் உண்டு. நான் முன்னே சொன்ன என்.ஜி.எஃப். வந்து ஒட்டவேண்டிய ஏற்பி அவர்களுக்குப் பழுது. அதனால் வலி நரம்பு வளர்வதே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு எலும்பு அடிக்கடி முறியும், முறிந்தது தெரியாது, மூட்டுகள் ஷார்கோ பாதம் மாதிரி சிதையும். முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களுக்கும் முதல் ஓரிரண்டு வருஷத்திலேயே முழங்காலைச் சுற்றிய எலும்பு வேகமாக மெலிகிறது. இளம்பிள்ளைவாதம் வந்த காலில் எலும்பு சூம்பிக் குட்டையாவதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும்: அசையாத காலில் பாரமும் விழுவதில்லை. விண்வெளியில் நரம்பெல்லாம் நன்றாக இருக்கிற ஆட்களுக்கே இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஆகவே செயலிழந்த காலில் எவ்வளவு நரம்பால், எவ்வளவு பாரமின்மையால் என்று பிரிப்பது கஷ்டம். எல்லாவற்றையும் நரம்பின் தலையில் கட்டுவதும் தப்பு.

நரம்பு அதிகமாக ஆடினாலும் ஆபத்துதான். அத்தைக்கு முறிந்த அதே மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு சிலருக்குக் கை எரியும், வீங்கிப் பளபளக்கும், நிறம் மாறும், வியர்க்கும். மெல்லிய துணி பட்டாலே தாங்காது. எக்ஸ்ரேயில் எலும்பு திட்டுத்திட்டாக மெலிந்து கறுத்துத் தெரியும். பால் சூடெக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1900-லேயே இதை விவரித்தார். குடியிருக்கிறவர் ஓயாமல் கூச்சல் போட்டுக் கூரையைப் பிரிக்கவைத்த கதை. முறிவு கட்டியிருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தையிடம் இதைச் சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னால் ஐம்பது தடவை விரலை மடக்கவைத்தேன். எண்ணிக்கொண்டே மருமகளைத் திட்டுவாள். ஐம்பது சரியாக வரும்.

மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, போட்ட அன்றைக்கும் மறுநாளும் ஒன்று பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போலிருப்பது, விரல் வெளுப்பது அல்லது நீலமாவது, விரலை நிமிர்த்திவிட்டால் வலி கூடிக்கொண்டே போவது. இதில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கட்டின் இறுக்கத்தில் தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். சில மணி நேரம் போனால் கையே போய்விடும். நேரே ஆஸ்பத்திரி.

வலியை அடியோடு அணைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மனிதர்களிலேயே ஒரு பாடம் நடந்துவிட்டது. என்.ஜி.எஃப்.பைப் பிடித்துக் கட்டிப்போடும் டானெசுமாப் என்ற ஊசியை மூட்டுவலிக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வழக்கத்தைவிட வேகமாக அழிந்தது. 2021-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். வலி போன உற்சாகத்தில் அதிகம் நடந்ததாலா, நரம்பின் சேதி நின்றதாலா என்று கேட்டால், ஷார்கோவின் வழக்கு திரும்ப வாய்தாவுக்கு வந்துவிடும்.

பெரியப்பா இப்போது ராத்திரி படுக்கும் முன்னால் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். புறங்கையால் இரண்டு பாதத்தையும் மாறிமாறித் தொட்டுப் பார்க்கிறார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு தெரியாது. ஒரு பாதம் இன்னொன்றைவிட இரண்டு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுட்டால் அன்றிலிருந்து நடக்காமல் டாக்டரிடம் போகவேண்டும் என்பது கணக்கு. தெர்மாமீட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம், உங்க அத்தை கைய வெச்சிப் பாத்தா கரெக்டா சொல்லிடுவா" என்றார்.

அத்தைக்குக் கட்டு பிரித்து ஐந்து மாதம் ஆகிறது. மணிக்கட்டு கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. தோசைக்கல்லை இடதுகையால் தூக்குகிறாள். போன வாரம் பெரியப்பாவின் இடது பாதத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு கீது, போய்ப் படு" என்று சொல்லி அனுப்பினாள்.